பழைய தேக்குக் கதவில் நகைப்பெட்டி: மூடியை ஒரே பலகையாகப் போடலாமா?

கெடிலக்கரை (கடலூர்)

மரவேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். முதுநகரில் எங்கள் ஆயா வீட்டைப் பிரிக்கிறார்கள். சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய மெத்தை வீடு. தளத்தைத் தாங்கிய தேக்குச் சட்டங்கள், வாசல் கதவு, ஜன்னல் எல்லாம் இறங்கிவிட்டன. பெரும்பாலானதைப் பழைய மரம் எடுக்கிறவரிடம் மாமா பேசி முடித்துவிட்டார். நான் சண்டை போட்டு உள்ளறை இரட்டைக் கதவில் ஒரு பக்கத்தையும், தளத்துச் சட்டத்தில் மூன்றடி நீளத்துக்கு இரண்டு துண்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். அவளுக்கு இந்த மரத்தில் ஒரு நகைப்பெட்டி செய்து தர வேண்டும் என்று ஆசை. கதவுப் பலகை ஒன்றேகால் அங்குல கனம், அகலம் 8 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே பச்சைப் பெயிண்ட், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே ஏதோ காவி. சட்டம் 3க்கு 4, ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது கை ரம்பம், இழைப்புளி, நாலு உளி, ட்ரில், இரண்டு கிளாம்ப். அவ்வளவுதான். ஸ்டூல், அலமாரித் தட்டு மாதிரி சின்ன வேலைகள் செய்திருக்கிறேன், பெட்டி செய்ததில்லை.

சா மில்லில் கேட்டால் பழைய மரம் என்றதும் கையை விரிக்கிறார்கள். தெரிந்த ஆசாரி ஒருவர், "எதுக்குத் தம்பி இந்த வேலை, பிளைவுட்ல பெட்டி அடிச்சு மேல தேக்கு வெனீர், மெல்லிசாச் சீவின தேக்குத் தகடு, ஒட்டிடலாம், ஆயுசுக்கும் ஆடாது" என்கிறார். மரத்திலேயே வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதும், மூடியை ஒரே பலகையாக வைத்துச் சுற்றி ஃபெவிகால் போட்டு இறுக்கிவிடலாம் என்றார். அது மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டு வாசல் கதவே கார்த்திகையில் தோளால் இடித்தால்தான் திறக்கும். அப்புறம் உள்ளே, வெளியே என்ன பாலிஷ் அடிப்பது, இதையும் சொல்லுங்கள்.

உளியும்_ரம்பமும் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

தம்பி, ஆசாரி சொன்னதில் வெனீர் யோசனை தப்பில்லை, உறுதியாகவே இருக்கும். ஆனால் அதற்கு ஆயா வீட்டுக் கதவு எதற்கு, கடைச் சரக்கே போதுமே. மூடி விஷயத்தில் உங்கள் சந்தேகம்தான் சரி. அதற்குக் கடைசியில் வருகிறேன், அதற்கு முன்னால் நாலு வேலை இருக்கிறது.

முதலில் பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், தீ காட்டியும் எடுக்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் அடித்ததை எல்லாம் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொள்வது நல்லது. பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே பட்டி போடுகிற தகட்டால் சுரண்டுங்கள். வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள், மாஸ்க் போடுங்கள், சுரண்டியதைப் பழைய பேப்பரில் அள்ளிக் கட்டிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே வர விடாதீர்கள்.

அடுத்தது ஆணி. தலை தெரிகிற ஆணி பிரச்சினையே இல்லை, தலை முறிந்து உள்ளே தங்கிப்போனதுதான் எமன். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் ஒன்றைப் பிடித்து, பெயிண்ட் போன பலகை மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸில் ஒரு வட்டம் போடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. இரும்பு மரத்தோடு சேர்ந்து கறுத்திருக்கும், ஆணியைச் சுற்றி மை ஊறின மாதிரி ஒரு வளையம் தெரியும். ஆணியை எடுத்த பிறகும் அந்தக் கறுப்பு போகாது. ஆக்சாலிக் ஆசிட் வைத்து வெளுக்க வைக்கலாம், ஆனால் அது விஷம், நகைப்பெட்டிக்கு அந்தத் தலைவலி வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த வளையம் பெட்டியின் முன்பக்கமே வருகிற மாதிரி பலகையை வெட்டுவேன். பழைய மரம் என்று தெரிய வேண்டாமா?

சா மில்காரர் மறுப்பதும் நியாயம்தான். ஒரு ஆணி பட்டால் ரம்பப் பட்டையில் பல் போய்விடும், நீங்கள் கொடுக்கிற அறுப்புக் கூலி அதில் கால்வாசிக்குக்கூடக் காணாது. ஆணியெல்லாம் எடுத்து, இரண்டு முகத்தையும் லேசாக இழைத்து, மரம் தெரிகிற மாதிரி கொண்டுபோய், அவர் கண் முன்னாலேயே காந்தத்தை ஓட்டிக் காட்டுங்கள். மில்லில் முடியாது என்றாலும் ஃபர்னிச்சர் பட்டறைகளில் சின்ன பேண்ட் சா வைத்திருப்பார்கள், அங்கே சம்மதிப்பார்கள். ஒன்றேகால் அங்குலப் பலகையை இழைத்து இழைத்தே அரை அங்குலமாக்கப் போகிறேன் என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். பாதி மரம் சுருளாகப் போய்விடும், தேக்கில் மணல் சத்து உண்டு என்பதால் இழைப்புளி வாயும் சீக்கிரம் மழுங்கும். நடுவில் பிளந்தால் இரண்டு பலகை கிடைக்கும்.

கையால்தான் பிளக்க வேண்டும் என்றால், முதலில் பெட்டிக்கு வேண்டிய நீளத்துக்குத் துண்டு போட்டுவிட்டு அப்புறம் பிளங்கள். மூன்றடிப் பலகையைக் கையால் பிளப்பது தண்டனை, 13 அங்குலத் துண்டைப் பிளப்பது ஒரு சாயங்கால வேலை. பிளந்ததும் உடனே இழைத்துச் சேர்க்காதீர்கள். நூறு வருஷக் கதவானாலும் உள் பக்கத்தில் ஈரம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், பிளந்ததும் பலகை குவியப் பார்க்கும். நடுவில் ரீப்பர் துண்டு வைத்து அடுக்கி, மேலே ஒரு கனம் ஏற்றி, காற்றாட ஒரு வாரம் விடுங்கள். வளைய வேண்டியது அதற்குள் வளைந்துவிடும், பிறகு இழைத்தால் நேராக நிற்கும்.

சட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்பும் மணலும் ரேகைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய்க்காமல் இழைப்புளியை வைத்தால் முதல் இழுப்பிலேயே வாய் போச்சு. அப்புறம் சுவருக்குள் இருந்த முனை எது என்று பாருங்கள், அது ஈரம் குடித்து நைந்திருக்கும், அரையடியை யோசிக்காமல் வெட்டித் தள்ளுங்கள்.

இப்போது மூடி. தேக்கு அசைவு குறைந்த மரம், அதனால்தான் கதவுக்கும் கப்பலுக்கும் போனது. ஆனால் அசையவே அசையாத மரம் என்று ஒன்று கிடையாது. 8 அங்குல அகலப் பலகை நம் கடலோரத்தில் சித்திரைக்கும் கார்த்திகைக்கும் நடுவில் அகலத்தில் ஒரு மில்லி, பலகை அறுத்த விதத்தைப் பொறுத்து ஒன்றரை மில்லி கூட ஏறி இறங்கும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது. நாலு பக்கமும் ஃபெவிகால் போட்டு அதைக் கட்டிவைத்தால், மழையில் உப்பும்போது மூலையைப் பிளக்கும், வெயிலில் சுருங்கும்போது தானே நடுவில் வெடிக்கும். ஏதாவது ஒன்று நிச்சயம்.

அதனால் மூடிக்கு ஒன்றரை அங்குலச் சட்டம் நாலு வைத்து ஒரு ஃபிரேம், அதன் உள் ஓரத்தில் சுற்றிலும் 5 மில்லி ஆழக் காடி (நீளப் பள்ளம்), அந்தக் காடிக்குள் பலகை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பசை கூடாது. அது நகர்ந்து ஓசை வராமல் இருக்க, இரண்டு முனையிலும் அகலத்தின் நடுவில் மட்டும் ஒரு பொட்டு பசை. உங்கள் ஆயா வீட்டுக் கதவையே திருப்பிப் பாருங்கள், அதில் தில்லாப் பலகை, சட்டங்களுக்கு நடுவில் அடைத்த பலகை, இப்படித்தான் உட்கார்ந்திருக்கும். இப்போது ஐப்பசி, மரம் உப்பியிருக்கிற காலம். அதனால் அகலவாக்கில் பக்கத்துக்கு அரை மில்லி இடைவெளி விட்டால் போதும், இனி அது சுருங்கத்தான் போகிறது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். காடிக்குள் போகிற விளிம்பு உட்பட முழுப் பலகைக்கும் சேர்ப்பதற்கு முன்பே பாலிஷ் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மே மாதம் பலகை சுருங்கும்போது ஓரத்தில் வெளுத்த கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். அடிப்பலகைக்கும் இதே காடிதான். அடிக்கு 6 மில்லி பிளைவுட் போட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன், வெல்வெட்டுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்து இரண்டு நாள் கிடந்த முகத்தில் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. இழைத்த அன்றே ஒட்டுங்கள், அதற்கு முன் தின்னரில் துணி நனைத்து ஒரு துடை.

சும்மா_சொல்றேன் (புதுச்சேரி)

பாஸ், இவ்வளவு பாடுபட்டுச் செய்து கல்யாணப் பொண்ணு கையில் கொடுத்தால் அவங்க நகையை எல்லாம் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு இந்தப் பெட்டியில் கவரிங் நகையும் ஹேர்பின்னும் போட்டு வைப்பாங்க. ஆரோவில் போகிற வழியில் பழைய மரத்துப் பெட்டி ரெடியாகவே கிடைக்கும், ஒன்று வாங்கிக் கொடுத்துட்டுக் கல்யாண வேலையைப் பாருங்க. மண்டபம், பத்திரிகை, சமையல்காரர் என்று அண்ணன் தலையில் எவ்வளவு விழும் தெரியுமா?

கெடிலக்கரை (கடலூர்)

கவரிங் போட்டாலும் சரி அண்ணே, அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடியது நாங்கள் இரண்டு பேரும்தான். கடைப் பெட்டியில் அது வராது.

@உளியும்_ரம்பமும் ஐயா, இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. கதவைத் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே தில்லாப் பலகை காடிக்குள் லூசாகத்தான் இருக்கிறது, கையால் தட்டினால் ஆடுகிறது. மூலை இணைப்புக்கு என்ன செய்வது? டவ்டெயில் (புறா வால் மாதிரி வெட்டிக் கோக்கிற இணைப்பு) போட எனக்குக் கை வராது.

வெல்வெட்_அக்கா (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)

நான் மரவேலைக்காரி இல்லை, நகைக்கடையில் பல வருஷம் கவுன்ட்டரில் இருந்தவள். எல்லோரும் மரத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். தம்பி, முதலில் தங்கச்சியின் நகையை எடுத்து மேஜை மேல் பரப்பி அளவெடுங்கள், பெட்டி அளவு அப்புறம் தானாக வரும்.

வளையலைப் பாருங்கள். 2-6 சைஸ் என்றால் உள் விட்டம் 2 அங்குலமும் 16இல் 6 பாகமும், அதாவது சுமார் 60 மில்லி. 2-8 என்றால் இரண்டரை அங்குலம். இது உள் அளவுதான், வளையலின் கனமும் இரண்டு பக்கம் சேர்ந்தால் 2-6 வளையலே இரண்டே முக்கால் வரை வரும், கல் வைத்தது என்றால் இன்னும் கூட. அதனால் வளையல் நிற்கிற அறைக்கு உள் ஆழம் 3 அங்குலமாவது வேண்டும். கடையில் விற்கிற அழகான பெட்டிகளில் பாதி இதில்தான் கோட்டைவிடும். இரண்டரை அங்குல ஆழம் வைத்திருப்பார்கள், மூடினால் மூடி வளையல் மேல் உட்காரும்.

ஆரத்தை வளைத்துப் படுக்க வைக்கலாம், மடிக்கக் கூடாது. கல் வைத்த ஆரத்தை மடித்து மடித்து வைத்தால் இணைப்பு வளையம் தேய்ந்து அங்கேயே அறும். அதற்கு அறை பிரிக்காத நீளமான இடம் ஒன்று அடியில் இருக்கட்டும். ஜிமிக்கி, தோடு, மோதிரம், மூக்குத்தி எல்லாம் மேல் தட்டில். மேல் தட்டு ஒன்றேகால் அங்குல உயரம் போதும், குடை ஜிமிக்கி பெரியது என்றால் ஒரு அறையை மட்டும் தட்டு இல்லாமல் விட்டுவிடுங்கள். ஒட்டியாணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதற்குத் தனிப்பெட்டி கடையிலேயே கொடுப்பார்கள்.

@சும்மா_சொல்றேன் லாக்கர் என்று சொன்னது நல்ல விஷயம், கிண்டலாகச் சொன்னாலும். பேங்கில் பொதுவாகக் கொடுக்கிற சின்ன லாக்கரின் வாய் சுமார் 5 அங்குல உயரம், 7 அங்குல அகலம்தான் இருக்கும், உள்ளே நீளமாகப் போகும். பெட்டி அதற்குள் போகாது. ஆனால் மேல் தட்டைத் தனியாகத் தூக்குகிற மாதிரி, அகலம் ஆறரைக்கு மேல் போகாமல் செய்துவிட்டால், தட்டோடு கொண்டுபோய் லாக்கரில் வைத்துவிட்டுத் தட்டோடு எடுத்து வரலாம். பேங்குக்கு பேங்க் மாறும், அவர்கள் லாக்கரை ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

ஃபெவிகால் பற்றி ஒன்று. அது காய்கிறபோது புளித்த வாசனை வரும் அல்லவா, அந்த ஆவி முத்துக்கு ஆகாது. பெட்டி முடிந்ததும் கொஞ்ச வாரம் மூடியைத் திறந்தே போடுங்கள், வாசனை முழுக்கப் போன பிறகு நகை வையுங்கள். உள்ளே ஒட்டுவதற்குக் கம்பளித் துணி வேண்டாம், கம்பளியில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக் கொலுசு கறுத்துவிடும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பதும் அதே கதைதான். பருத்தி வெல்வெட் வாங்குங்கள். சாயம் போகிறதா என்று ஈரப் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். வெல்வெட்டை நேராக மரத்தில் ஒட்டாமல், அட்டையில் சுற்றி ஒட்டி அந்த அட்டையை உள்ளே இறக்கினால் பின்னால் அழுக்கானதும் மாற்றிக்கொள்ளலாம்.

பலாக்கொட்டை (பண்ருட்டி)

எல்லாரும் தேக்கு தேக்கு என்கிறீர்களே, எங்கள் ஊர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீணை, மிருதங்கத்துக்கு இங்கிருந்துதான் பலாக்கட்டை போகிறது, உங்களுக்கு ஒரு நகைத்தட்டு செய்ய ஆகாதா?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளியே தேக்கு இருக்கட்டும், உள்ளே வருகிற தட்டுக்கும் அறைத் தடுப்புக்கும் பலா போடுங்கள். தேக்கை விட இழைக்கச் சுலபம், மெல்லிசாக 6 மில்லிக்கு வந்தாலும் உடையாது, வைரம் பாய்ந்த பாகம், அதாவது முற்றின உள்மரம், மஞ்சளாக இருக்கும், தேக்கோடு பார்க்க எடுப்பாக நிற்கும். அந்த மஞ்சள் அப்படியே இருக்காது, வெளிச்சம் பட்டுப் பட்டு சில வருஷத்தில் பழுப்பாகிவிடும், ஆனால் பெட்டிக்குள் இருட்டில் இருப்பதால் வெகுநாள் தாங்கும். பட்டையை ஒட்டின ஓரத்து வெளிறு மட்டும் வேண்டாம், அதில்தான் வண்டு விழும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்ததே, அன்றைக்கு எங்கள் பக்கம் சாய்ந்த பலாவுக்கும் முந்திரிக்கும் கணக்கே இல்லை. தாத்தா காலத்து மரங்கள் வேரோடு படுத்துக் கிடந்தன. வந்த விலைக்கு விறகாகப் போனதுதான் அதிகம், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சில வீடுகளில் நல்ல கட்டையை மட்டும் அறுத்துப் பலகையாக்கித் தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் கிடக்கிறது, இத்தனை வருஷம் நிழலில் காய்ந்தது, எந்தக் கடையிலும் இப்படிக் காய்ந்த பலகை கிடைக்காது. ஒரு தட்டுக்கு எவ்வளவு வேண்டும், இரண்டடிப் பலகை போதும். பண்ருட்டி வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். தனிச்செய்தியில் கேளுங்கள்.

உப்பங்கழி (கடலூர்)

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். துறைமுகத்துப் பக்கம் உடைத்த பழைய விசைப்படகுப் பலகை சல்லிசாகக் கிடைக்கிறது, பார்க்கவும் அருமையாக இருக்கிறது. அதில் இப்படிப் பெட்டி செய்யலாமா?

உளியும்_ரம்பமும் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

@உப்பங்கழி பெஞ்ச் செய்யுங்கள், தோட்டத்தில் போடுங்கள், நகைக்கு வேண்டாம். அந்தப் பலகை வருஷக்கணக்கில் கடல் தண்ணீர் குடித்தது. உப்பு உள்ளேயே இருக்கும், மழைக்காலத்தில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பித்தளைக் கீல் பச்சை பூக்கும், வெள்ளி கறுக்கும். போதாததற்கு டீசல் வாசனை வேறு.

@கெடிலக்கரை மூலைக்கு டவ்டெயில்தான் வேண்டும் என்பதில்லை. பக்கப் பலகையின் முனையில் பாதிக் கனத்துக்குப் படிவெட்டு எடுத்து, முன்பலகையை அதில் உட்கார வைத்து ஒட்டி, காய்ந்த பிறகு மூலைக்கு மூன்று மூங்கில் ஆணி இறக்குங்கள். கனம் உள்ள கணுவில்லாத மூங்கிலைச் சீவி, 4 மில்லி ஓட்டைக்கு இறுக்கமாக வருகிற மாதிரி உருட்டி, பசை தொட்டு அடித்து, தலையை உளியால் சமமாகச் சீவிவிட்டால் தேக்கில் வெள்ளைப் பொட்டு மாதிரி அழகாகத் தெரியும். ஓட்டையை நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்த்து, ஒன்று இப்படி ஒன்று அப்படிப் போட்டால் இழுத்தாலும் பிரியாது. எங்கள் அப்பா காலத்து வேலை இது, இரும்பு ஆணியே தொடமாட்டார்கள்.

நாலு பக்கப் பலகையையும் ஒரே நீளத் துண்டிலிருந்து வரிசையாக வெட்டி அதே வரிசையில் சேருங்கள், ரேகை பெட்டியைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். இதற்குக் கூடுதல் செலவு கிடையாது, பென்சிலில் 1, 2, 3, 4 என்று எழுதினால் போதும், ஆனால் பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் நிற்கும். பார்க்கத் தெரிந்தவர்கள் கண்ணைச் சொல்கிறேன்.

பலா யோசனை நல்ல யோசனை, நான் எழுத விட்டுப்போனது. அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் கேட்டீர்கள். உள்ளே எந்த எண்ணெயும் தொடக் கூடாது. லின்சீட் ஆயில் வெளியே காற்றில் காயும், மூடிய பெட்டிக்குள் வருஷக்கணக்கில் வாடை அடிக்கும், பட்டு ரவிக்கையிலும் ஏறும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அவை சரியாகக் காயாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். உள்ளே அரக்கைச் சுத்தமான ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு பூச்சு கொடுங்கள், ஒரே நாளில் வாசனை போய்விடும். வெளியே அரக்கு வேண்டாம். காரணம் இருக்கிறது. கல்யாணப் பெண் சென்ட் பாட்டிலை எங்கே வைப்பாள்? பெட்டி மேல்தான். சென்ட்டில் இருப்பது ஆல்கஹால், ஒரு சொட்டு விழுந்தால் அரக்கு கரைந்து வட்டமாகத் தழும்பு விழும். அதனால் வெளிப்பக்கம் பாலியூரிதேன் மெல்லிசாக மூன்று பூச்சு, பளபளப்பு வேண்டாம், மேட் கேளுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் 320 நம்பர் உப்புத்தாளில் ஒரு தடவல்.

மழை பெய்கிற நாளில் அரக்கைத் தொடாதீர்கள், ஈரக் காற்றில் காய்ந்தால் வெள்ளை பூக்கும். இந்த மாதத்தில் வெயில் அடிக்கிற மதியம் பார்த்துத்தான் செய்ய வேண்டும், காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்)

பெயிண்ட் முழுக்க எடுத்துவிட்டேன். காந்தத்தில் முறிந்த ஆணிகள் நிறையவே சிக்கின, நாலு முகமாகத் தட்டி அடித்த பழைய ஆணிகள். கறுப்பு வளையம் ஒன்று முன்பலகையில் சரியாகப் பூட்டுப் பக்கத்தில் வருகிற மாதிரி வரைந்திருக்கிறேன். வெல்வெட் அக்கா சொன்னபடி நகையை அளந்தேன், வெளி அளவு 13க்கு 8, உயரம் ஐந்தரை என்று வருகிறது. அம்மா பக்கத்தில் நின்று "இன்னும் ஒரு இஞ்ச் கூட வை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்கள் நகையையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் போல. பலாக்கொட்டை அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போகிறேன்.

இரண்டு சந்தேகம். ஒரு சட்டத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன, அந்த மரத்தைப் பயன்படுத்தலாமா? பித்தளைக் கீல் எந்த அளவு வாங்குவது? பழைய பித்தளைக் கீல் எங்காவது கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

உளியும்_ரம்பமும் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

ஓட்டை பழையதா புதியதா என்று பார்க்க வேண்டும். சட்டத்தைக் கறுப்புத் துணி மேல் வைத்து நாலு தட்டு தட்டிவிட்டு, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். துணியில் மாவு மாதிரி புதுத் தூள் கொட்டியிருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது, அந்தக் கட்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். தூள் இல்லை, ஓட்டைக்குள் அழுக்கு அடைத்துக் கறுத்திருக்கிறது என்றால் வண்டு எப்போதோ பறந்துவிட்டது. பொதுவாகத் தேக்கில் வண்டு வெளிறைத்தான் தின்னும், வைரத்தைத் தொடாது. ஓட்டை உள்ள ஓரத்தை அறுத்துத் தள்ளிவிட்டு உள்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சட்டத்திலிருந்து தேவைப்படுவது மூடி ஃபிரேமுக்கு நாலு துண்டுதானே, தாராளமாகத் தேறும்.

கீல் ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு ஜோடி போதும், பெட்டி தட்டோடு சேர்த்து இரண்டரை கிலோ வரும், மூடி அதில் ஒரு சின்னப் பங்குதான். பழையதுதான் வேண்டும் என்றால் இங்கே புதுச்சேரி காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் நடக்கிறதே, அதில் பழைய சாமான் பரப்புகிறவர்களிடம் தேடிப் பாருங்கள். ஒரு ஜோடி ஒரே மாதிரி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். வாங்குவதற்கு முன் காந்தத்தை எடுத்துப் போங்கள், இரும்புக்குப் பித்தளை முலாம் பூசியது நிறைய வரும். ஊசி ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஊசி தேய்ந்த கீலில் மூடி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அதைச் சரி பண்ணவே முடியாது.

பித்தளை ஸ்க்ரூ மெத்தென்றது, தேக்கில் நேராக முறுக்கினால் கழுத்தில் முறிந்துவிடும், முறிந்ததை எடுக்கப் பாதி மரம் போகும். முதலில் சின்ன ஓட்டை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முறுக்கி எடுத்துவிடுங்கள், மரத்தில் வழி விழுந்துவிடும். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, கையால் மட்டும் முறுக்குங்கள், ட்ரில் வேண்டாம். கீலைப் பக்கப் பலகையின் முனையில் கொண்டுபோய் வைக்காதீர்கள், முனை ரேகையில் ஸ்க்ரூ நிற்காது, பின்பலகையின் நீள ஓரத்தில்தான் வர வேண்டும். மூடி பின்னால் மல்லாந்து விழாமல் இருக்க உள்ளே ஒரு சின்னப் பித்தளைச் சங்கிலி. அது இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக் கனமும் கீல் மேல் விழுந்து பிடுங்கிக்கொண்டு வரும்.

வெல்வெட்_அக்கா (கடலூர், திருப்பாதிரிப்புலியூர்)

சங்கிலியைத் தட்டுக்கு மேலே வருகிற மாதிரி வையுங்கள் தம்பி, தட்டைத் தூக்கும்போது இடிக்கக் கூடாது. வெல்வெட் மெரூன் நிறத்தில் எடுங்கள், தங்கம் அதில்தான் எடுப்பாகத் தெரியும். அப்புறம் அம்மா கேட்கிற அந்த ஒரு இஞ்சையும் கூட்டியே வைத்துவிடுங்கள்.